பழைய காமிக்ஸும் நினைவு மேடும்

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழுப்பேறிய இதழ்களை, அன்று சிறுவர்களாக இருந்து இன்று அறுபதை எட்டியவர்கள் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பன்மடங்கு விலைக்கு வாங்குவதை வெறும் கதை ஆர்வம் என்று சொல்லிவிட இயலாது. அதன் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி, 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றியவன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய, உடல் முழுவதும் மறைந்துவிடும் அவன், தமிழ்ச் சிறுவர்களுக்கு அயலானாகவே தோன்றவில்லை.

பழைய இதழ்களைத் தேடும் இந்த ஆர்வத்திற்கு நினைவின் இயல்பும் ஒரு காரணம் எனலாம். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலானவையே மிகுதியாக வெளிப்படுகின்றன என்பதை உளவியலாளர் கண்டறிந்துள்ளனர். நினைவுகளை வயதுவாரியாகக் குறிக்கும் வரைபடத்தில் அப்பருவம் மேடாக உயர்ந்து நிற்பதால் அதனை ‘நினைவு மேடு’ எனலாம். முதல் அனுபவங்கள் நிகழ்வதும், ‘தான் யார்’ என்னும் எண்ணம் உருப்பெறுவதும் அப்பருவத்திலேயே என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் முக்கியமானது.

பழைய இதழ்களின் ஈர்ப்பில் தாளின் மணத்திற்கும் பங்குண்டு. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் காலப்போக்கில் சிதைந்து மணமுள்ள ஆவிகளை வெளியிடுகிறது. மணமோ, மற்றப் புலனுணர்வுகளைப் போலன்றி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை ஏறக்குறைய நேராகவே சென்றடைகிறது. வழவழப்பான தாளில் வண்ணத்தில் வரும் மறுபதிப்புகள் அச்சுத்தரத்தில் மேலானவையாயினும், அந்த மணத்தை அவற்றால் தர இயலாது. எனினும், கதை படிப்பதற்கே உரியது. பழைய இதழ்களைப் பூட்டி வைத்திருப்போர் அவற்றைப் பேரப்பிள்ளைகளின் கையிலும் கொடுக்கலாம்.