எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல போடுற 'கான்ட்ராஸ்ட்' ஊசியில என்ன இருக்கு? கிட்னிக்கு ஆபத்தா?

ஆரணியில் குழித்தறியில் காலை இறக்கி, நாள் முழுக்க குனிந்து பட்டு நெய்பவர்களுக்கு இடுப்புவலி புதுசு இல்லை. வலி காலுக்கு இறங்கிவிட்டால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். அங்கே போனதும் "கான்ட்ராஸ்ட் ஊசி போடணும், கையெழுத்து போடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினால் வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போகிறார்கள். "அது கிட்னியைக் கெடுத்துடுமாமே?" என்பதுதான் முதல் கேள்வி. உண்மை என்ன?

ஊசியில் இருப்பது என்ன?

கடோலினியம் என்ற அரிய மண் தனிமம். அணு எண் 64. சுவிட்சர்லாந்து வேதியியலாளர் மரிக்னாக் 1880-ல் இதைக் கண்டறிந்தார். ஃபின்லாந்து வேதியியலாளர் யோஹான் கடோலின் நினைவாக இந்தப் பெயர் வந்தது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவிலும் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. ஆனால் அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் அதிகம், கடோலினியம் குறைவு.

எப்படி வேலை செய்கிறது?

நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சிக்னலை வைத்துத்தான் எம்.ஆர்.ஐ. படம் உருவாகிறது. கடோலினியம் அயனியில் 7 எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருப்பதால் அது ஒரு குட்டி காந்தம் போல நடந்துகொள்ளும். பக்கத்தில் உள்ள நீரின் சிக்னலை மாற்றி, அந்த இடத்தைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும். ஆரோக்கியமான மூளையில் ரத்தக்குழாயைத் தாண்டி இந்த மருந்து வெளியே போகாது. கட்டியோ தொற்றோ இருந்தால் அங்கே கசியும். அதனால் நோய் இருக்கும் இடம் தனியாகத் தெரிந்துவிடும்.

அப்போ விஷம் இல்லையா?

தனியாக இருந்தால் விஷம்தான். கடோலினியம் அயனியின் அளவு கிட்டத்தட்ட கால்சியம் அயனி அளவுக்கே இருக்கும். அதனால் நரம்பும் தசையும் வேலை செய்யத் தேவையான கால்சியத்தின் பாதையை அடைத்துவிடும். இதே குணம்தான் ஆய்வுக்கூடத்தில் உதவியாகிறது. செல்லை இழுத்தால் திறக்கும் அயனி வழிகளை அடைத்துப் பார்த்து, அவை என்ன வேலை செய்கின்றன என்று கண்டறிய உயிரியல் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நியூட்ரான்களை மிக அதிகமாக விழுங்கும் தனிமம் என்பதால், புற்றுநோய் கதிர் சிகிச்சைக்கான ஆய்வுகளும் நடக்கின்றன.

அப்படியென்றால் உடம்பில் எப்படிச் செலுத்துகிறார்கள்? ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி இருக்கும். இங்கே அது தலைகீழ். நடுவில் உலோகம்; அதைச் சுற்றி ஒரு கரிம மூலக்கூறு இறுக்கிப் பிடித்திருக்கும். இந்தப் பிடி இரண்டு வகை. ஒன்று திறந்த சங்கிலி, இன்னொன்று மூடிய வளையம். வளைய வகையில் உலோகம் எளிதில் கழன்று வராது.

கிட்னி பயம் எங்கிருந்து வந்தது?

முதல் கடோலினியம் மருந்துக்கு 1988-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கிட்னி கடுமையாகச் செயலிழந்த சிலருக்குத் தோல் தடித்து, மூட்டுகள் மடங்காமல் போகும் நோய்க்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் 2006-ல் கவனித்தார்கள். கிட்னி வெளியேற்றாததால் மருந்து உடலிலேயே தங்கி, பிடி தளர்ந்ததுதான் சிக்கல். அதாவது, ஊசி கிட்னியைக் கெடுத்ததால் வந்த நோய் அல்ல இது. ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னி மருந்தை வெளியேற்றாததால் வந்தது. 2007-ல் அமெரிக்கா கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை நிறுத்தி வைத்தது. வளைய வகையில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு.

கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். மிகச் சிறிய அளவு மூளையில் தங்குவது 2014-க்குப் பிறகு தெரியவந்தது. அதனால் பாதிப்பு என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. என்றாலும், தேவை இருந்தால் மட்டும் போடுவதே நல்லது.

நீங்கள் என்ன கேட்கணும்?

* "எனக்கு இந்த ஊசி எதுக்கு?" டிஸ்க் விலகல் பார்க்கப் பெரும்பாலும் ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ.யே போதும். முதுகெலும்பு காசநோய், கட்டி, ஏற்கெனவே ஆபரேஷன் செய்த முதுகு என்றால் ஊசி தேவைப்படலாம்.
* கிட்னி நோய், டயாலிசிஸ், கர்ப்பம், பழைய ஊசி அலர்ஜி எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* சுகர், பிரஷர் இருப்பவர்கள் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். கிட்னி வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 30-க்குக் கீழ் இருந்தால் தனி கவனம் வேண்டும்.
* "இது வளைய வகை மருந்தா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கேட்காமல் கையெழுத்து போடவும் வேண்டாம். டாக்டர் அவசியம் என்று சொன்ன ஊசியைப் பயந்து மறுக்கவும் வேண்டாம். தண்டுவடத்தை அழுத்தும் ஒரு கட்டி கண்ணில் படாமல் போனால், அந்த நஷ்டம்தான் பெரியது.