நகர நதிகளின் தூய்மையும் நிதி ஏற்பாடும்

நகரங்களை ஒட்டிச் செல்லும் நதிகளைத் தூய்மைப்படுத்த இருவகைச் செலவுகள் தேவைப்படுகின்றன. சுத்திகரிப்பு நிலையங்களையும் குழாய்களையும் அமைப்பதற்கான மூலதனச் செலவு ஒன்று. அவற்றை நாள்தோறும் இயக்குவதற்கான நடைமுறைச் செலவு மற்றொன்று. முன்னது ஒருமுறை செய்யப்படுவது. பின்னது நிலையம் உள்ளவரை தொடர்வது. கங்கையைத் தூய்மைப்படுத்தும் முயற்சியில் பின்னதே பெரும் இடர்ப்பாடாக இருந்து வந்துள்ளது.

இதன் காரணத்தை அறியச் சுத்திகரிப்பு நடைபெறும் விதத்தை நோக்க வேண்டும். சாக்கடை நீரிலுள்ள கழிவுப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அப்போது அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொள்கின்றன. கழிவு மிகுந்தால் நதியில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடிகின்றன. இச்சிதைவு நதியில் நிகழாமல் தொட்டியிலேயே நடந்து முடியுமாறு செய்வதே சுத்திகரிப்பு நிலையத்தின் பணியாகும். இதற்காகப் பல நிலையங்களில் தொட்டிக்குள் மின்சாரத்தின் உதவியால் காற்றுச் செலுத்தப்படுகிறது. நெடுநேரம் மின்சாரம் தடைப்பட்டால் பாக்டீரியாக்கள் செயலிழக்கின்றன; பம்புகளும் நின்றுவிட, சாக்கடை நீர் நிலையத்தை எட்டாமலே நதியில் கலக்கிறது.

1985-இல் வகுக்கப்பட்ட கங்கைச் செயல்திட்டத்தின் முதற் கட்டத்தில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களின் 25 நகரங்கள் இடம்பெற்றன. நிலையங்களை அமைக்கும் செலவை மத்திய அரசாங்கம் ஏற்றது. அவற்றை இயக்கும் பொறுப்போ நாளடைவில் மாநிலங்களையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் சேர்ந்தது. மின்சாரத்திற்கும் பராமரிப்பிற்கும் போதிய பணம் கிட்டாமையால் பல நிலையங்கள் முழுத் திறனுடன் இயங்கவில்லை. கட்டடங்கள் எழுந்தும் நதிக்கு உரிய பயன் விளையவில்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டு, 2014-இல் தொடங்கப்பட்ட 'நமாமி கங்கே' திட்டத்தில் 2016-ஆம் ஆண்டு புதியதொரு நிதி முறை ஏற்கப்பட்டது. இதன்படி, நிலையத்தை அமைக்கும் நிறுவனத்திற்கு மூலதனச் செலவில் 40 சதவிகிதம் கட்டுமான காலத்தில் வழங்கப்படும். எஞ்சிய 60 சதவிகிதம் 15 ஆண்டுகளில் தவணைகளாக, நடைமுறைச் செலவுடன் சேர்த்து வழங்கப்படும். நிலையம் நன்கு இயங்கி, வெளியேறும் நீர் குறித்த தரத்தை எட்டினால்தான் தவணை முழுமையாகக் கிடைக்கும். ஆகவே, நிலையத்தை ஓயாது இயக்குவது நிறுவனத்திற்கே ஆதாயமாகிறது. ஹரித்துவாரத்தில் ஜகஜீத்பூர் என்னுமிடத்தில் இம்முறையில் அமைக்கப்பட்ட நிலையம் 2020-இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 6 கோடியே 80 இலட்சம் லிட்டர்.

எனினும் ஒப்பந்த காலம் முடிந்தபின் நிலையத்தை இயக்கும் பணத்திற்கு நிலையான வருவாய் வேண்டும். இன்றே கழிவுநீர்க் கட்டணம் முறையாக விதிக்கப்பட்டு, வசூலும் செய்யப்படாவிடில், பழைய நிலை திரும்பக்கூடும்.

நீராடுவதற்குரிய நதிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு கரைந்திருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவு. செலவிட்ட தொகையைக் கொண்டன்று, நதியில் காணப்படும் இத்தகைய அளவைக் கொண்டே ஒரு திட்டத்தின் வெற்றியை மதிப்பிட வேண்டும்.