அப்பா ரத்தம் ஏன் வேண்டாம்?

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். எடைக்குறைவும் குறைப்பிரசவமும் முக்கியக் காரணங்கள் என்றது அரசு. அது ரத்தம் ஏற்றியதால் நடந்ததல்ல. ஆனால் அப்படிப்பட்ட எடை குறைந்த குழந்தைகளுக்குத்தான் ரத்தம் அதிகம் தேவைப்படுகிறது. அப்போது பெரும்பாலான அப்பாக்கள் சொல்வது ஒன்றுதான்: "என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க டாக்டர்."

பாசம் சரி. ஆனா அறிவியல் வேற சொல்லுது.

தானம் தரும் ரத்தத்தில் வெள்ளணுக்களும் இருக்கும். அந்நியருடையது என்றால் குழந்தையின் உடல் பெரும்பாலும் அழித்துவிடும். நெருங்கிய உறவினருடையது என்றால் "நம்மாளு" என்று விட்டுவிடலாம். அவை பெருகிக் குழந்தையின் உறுப்புகளையே தாக்கும். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். கதிர்வீச்சு கொடுத்து இதைத் தடுக்கலாம்; அந்த வசதி எல்லா ஊர் ரத்த வங்கியிலும் கிடையாது.

இன்னொன்று. முதல் நான்கு மாதம் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருட்கள் பெரும்பாலும் அம்மா கொடுத்தவை. அப்பாவின் சிவப்பணுவுக்கு எதிராக அம்மா உடலில் ஏதாவது உருவாகியிருந்தால், ஏற்றிய ரத்தம் உடைந்துபோகும். அதனால்தான் பொருத்தம் பார்க்க அம்மாவின் ரத்தத்தையும் கேட்கிறார்கள்.

அளவையும் பாருங்க. ஒரு கிலோ குழந்தையின் மொத்த ரத்தம் 80 முதல் 100 மி.லி.; ஒரு டீக்கடை கிளாஸ். பரிசோதனைக்கு 1 மி.லி. எடுப்பது பெரியவரிடம் 50 மி.லி. எடுப்பதற்குச் சமம். ஏற்றுவதும் வழக்கமாகக் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி.தான், சிரிஞ்ச் பம்பில் மூன்று நான்கு மணி நேரம். ஒருவரின் ரத்தத்தையே குட்டிப் பைகளாகப் பிரித்து வைத்தால், அதே குழந்தைக்கு அடுத்த முறையும் அதையே தரலாம். புதுப்புதுக் கொடையாளர்கள் வேண்டாம்.

கூடுதலாக ஏற்றினால் கூடுதல் நன்மை என்பதும் இல்லை. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்தில் 660 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த பிளானட்-2 ஆய்வு 2019இல் வெளியானது. தட்டணு எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனதுமே ஏற்றிய குழுவில் 26 சதவீதம் பேருக்கு மரணமோ பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தது. 25,000க்குக் கீழே போகும்வரை காத்திருந்த குழுவில் 19 சதவீதம்.

அப்போ அப்பா என்ன செய்யலாம்? ரத்த வங்கிக்குப் போய்க் கொடுங்க. அது வேறொரு குழந்தைக்குப் போகும். உங்க குழந்தைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தது வரும்.