ஒரே வயலில் நெல்லும் இறாலும்: புத்தளம் எமக்குச் சொல்வது என்ன?

சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை அண்டிய பகுதிகளில் நீர் வற்றிய சதுரக் குளங்கள் பலவற்றை இன்றும் காணலாம். அவை கைவிடப்பட்ட இறால் பண்ணைகள். 1980களில் கண்டல் காடுகளையும் உவர் நிலங்களையும் அழித்து இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. பண்ணைகள் நீரை எடுத்ததும் கழிவை விட்டதும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்புகளிலும்தான். ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணைக்குப் போக அதுவே வழியானது. பின்னர், வலயங்களாகப் பிரித்துக் குஞ்சு விடும் காலத்தையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது நெல்லையும் இறாலையும் ஒரே நிலத்தில் மாறிமாறிச் செய்யும் முறை. வடக்கு, கிழக்குக் கரையோரங்களிலும் இறால் வளர்ப்புப் பற்றிய பேச்சு இருப்பதால், யுத்தத்துக்குப் பின் காணிக்குத் திரும்பிய எம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்படி நடக்கிறது?

வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் கோடையில் உவர்நீரை வயலுக்குள் விட்டு இறால் வளர்க்கிறார்கள். மழை வந்ததும் உப்பைக் கழுவி வெளியேற்றிவிட்டு நெல் விதைக்கிறார்கள். கேரளத்தின் பொக்காளி வயல்களிலும் ஜூன் முதல் ஒக்டோபர் வரை நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால். இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாகிறது. அழுகும் வைக்கோலில் இறாலுக்கு இரை உண்டாகிறது. குஞ்சுகளை நெருக்கமாக விடுவதில்லை என்பதால் செலவும் நோய் ஆபத்தும் குறைவு. ஆனால் வயலுக்குக் கிருமிநாசினி அடிக்க முடியாது.

மழைதான் நிபந்தனை

கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. புத்தளத்தில் சுமார் 1,200 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே இங்கு பெரும்போகத்தில் மட்டுமே நெல் சாத்தியம். பொக்காளி வழிவந்த ஏ.டி. 354 போன்ற உவரைத் தாங்கும் இனங்கள் உள்ளன. என்றாலும் மழை பொய்த்தால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஆழமாகத் தோண்டிய பழைய பண்ணைக் குளங்களை அப்படியே வயலாக்கவும் முடியாது.

அடுத்தது அயலவர். உவர்நீர் வரம்போடு நிற்காது. பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசியும். பங்களாதேஷின் குல்னா, சத்கிரா பகுதிகளில் இறாலுக்காக விடப்பட்ட உவர்நீர் நெற்செய்கையாளரைப் பாதித்து, பெரும் மோதல்களுக்கு வழிவகுத்தது. யாழ்ப்பாணத்தில் கடல்நீரைத் தடுக்கத்தான் தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டினோம் என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே திட்டத்தோடு யார் வந்தாலும், கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை இவை: உப்பைக் கழுவ நன்னீர் எங்கிருந்து வரும்? நீர் உள்ளே வரவும் கழிவு வெளியேறவும் தனித்தனி வாய்க்கால்கள் உண்டா? குஞ்சுகள் நோய்ப் பரிசோதனை செய்யப்பட்டவையா? முழு வெளிக்காரரும் சம்மதித்தார்களா? குத்தகை முடிந்த பின் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு? கடைசிக் கேள்விக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.