பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்



பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது கூடுமா என்னும் கேள்வி, ஜும்ஆ முடிந்து வெளியே வரும் வேளையில் ஆலிம்களிடம் இன்று அடிக்கடி கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் பலர் பெற்றோரை வெறுத்தவர்கள் அல்லர். மகன் துபாயில், மகள் பெங்களூரில், செங்கல்பட்டு வீட்டில் தாயார் மட்டும் தனியாக. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார். இனி என்ன செய்வது என்று அறியாமல் கேட்கிறார்கள்.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம் பெற்றோரின் முதுமையைக் கூறுமிடத்தில், அம்முதுமை பிள்ளையாகிய 'உம்மிடத்தில்' வருவதாகக் குறிப்பிடுகிறது. இச்சொல்லுக்கு ஒரே கூரை என்று மட்டும் பொருள் கொண்டால், மூலை அறையில் நாளெல்லாம் பேசுவாரின்றிக் கிடக்கும் தந்தையும் மகனிடத்தில் இருப்பதாகிவிடும். பணிவிடையைக் கூலி கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது. எனவே, 'எங்கே சேர்ப்பது' என்பதற்கு முன், 'சேர்த்தபின் விசாரித்து வரப்போவது யார்' என்பதைத்தான் உடன்பிறந்தோர் கூடிப் பேசவேண்டும். அந்த அமர்வில் பெற்றோரும் இருக்கவேண்டும். அவர்களிடம் கேளாமலே முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு அறிவிப்பது மிகப் பெரிய மனக்காயம்.

முதலில் அவர்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று அறியுங்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், எழுந்து நடத்தல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் வைத்து முதியோர் மருத்துவர்கள் இதனை அளக்கிறார்கள். ஆறையும் தாமே செய்பவருக்கு இல்லமே தேவைப்படாதிருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையத்தில் முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். மறதி நோயோ, மீண்டும் மீண்டும் விழுவதோ இருந்தால் நிலைமை வேறு.

இல்லங்களும் ஒரே வகையல்ல. விலைக்கு வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்பில் உணவும் காவலும் கிடைக்கும். குளிப்பாட்டிவிட ஆள் இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. அன்றாட உதவியுடன் கூடிய பராமரிப்பு இல்லம் என்பது வேறு. விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 'படுக்கையில் விழுந்துவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, அழைத்துப் போகச் சொல்வீர்களா?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அவ்வாறே.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை செல்வோரைக் கடற்காற்று மயக்கிவிடும். ஆனால் நெஞ்சுவலி வந்த இரவில் அக்காற்று உதவாது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இல்லத்தில் ஆம்புலன்ஸ் உண்டா, இரவில் செவிலியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் எத்தனை மணிநேரம் ஓடும் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. பகலில் சொல்லிவிட்டுச் சென்று பார்ப்பதோடு, சொல்லாமல் மாலையிலும் ஒருமுறை சென்று பாருங்கள். கழிப்பறைத் தரையும் கைப்பிடியும் வரவேற்பறையைவிட அதிகம் சொல்லும்.

2018 பிப்ரவரியில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் ஓர் இல்லத்தின் வண்டியில் சடலத்தோடும் காய்கறியோடும் உயிருள்ள முதியவரும் ஏற்றிச் செல்லப்பட்டதாகப் புகார் எழுந்தது. இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அதிகாரிகள் ஆய்வு செய்து, அங்கிருந்தோரை வேறு இல்லங்களுக்கு மாற்றினர். அவர்களில் பெரும்பாலோர் கேட்பார் அற்றவர்கள். நம் பெற்றோர் அவ்வாறு ஆகாதிருக்க, மாதம் இருமுறையேனும் போய்வரக்கூடிய தொலைவிலேயே இல்லத்தைத் தேடுங்கள்.

நம் தாய்மார்களைப் பெண் பணியாளரே குளிப்பாட்டுவார் என்னும் உறுதி, ஒளுச் செய்ய நாற்காலி, ஹலாலான உணவு, ரமளானில் இன்சுலின் நேரத்தை மருத்துவர் மாற்றித் தந்தால் அதைக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஆகியவற்றைச் சேர்க்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்த பின்னரே இல்லம் என்று சிலர் நிர்ப்பந்திப்பதும் நடக்கிறது. பெற்றோரே, விழிப்பாயிருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு அளித்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் ரத்துச் செய்யக் கோரலாம். ஆகவே பத்திரத்திலேயே அந்நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அவசர ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு.

இறுதியாக ஒன்று. இரவில் மவ்த் ஏற்பட்டால் முதலில் யாருக்குத் தொலைபேசி செய்வது, குளிப்பாட்டுவது யார், எந்த ஜமாஅத்தின் மையவாடி என்பதை ஒரு தாளில் எழுதி, இல்ல அலுவலகத்தில் ஒரு படியும் சொந்த மஹல்லாவில் ஒரு படியும் கொடுத்துவையுங்கள். அந்தத் தாளைத் தாயார் தாமே சொல்லி எழுதச் செய்தால் இன்னும் நல்லது.