மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையைக் குறுக்கே கடந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் ரூபிகான் பாதையின் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். ஜீப்பில் கடக்கச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேவைப்படும். பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பகுதி கருங்கல் பாறைதான். 1953 முதல் ஜீப்காரர்கள் இங்கே கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் வண்டியின் உயரத்தையும் முரட்டு டயரையும் பார்த்தால் வேகத்துக்காகச் செய்ததுபோல் தோன்றும். உண்மையில் அதெல்லாம் மெதுவாகப் போவதற்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பாதையின் பெயரையே தாங்கிய ராங்லர் ரூபிகான் ஜீப்பின் 2007 மாடலில், ஆறு கியர் வண்டியின் முதல் கியர் விகிதம் 4.46. லோ கியரைப் போட்டால், முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு 4 மடங்கு குறைக்கும், ஆக்சிலில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 73. இன்ஜின் 73 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைகிற அளவுக்குச் சக்கரத்தைத் திருகும் விசை கூடும். 32 அங்குல டயரோடு, ஐடிலில் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வருகிறது. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி பாறையில் ஏறும். பக்கத்தில் நடப்பவர் முந்திவிடுவார்.

அடுத்தது டிஃபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது இதன் வேலை. தார்ச்சாலையில் இது இல்லாமல் முடியாது. பாறையிலோ ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுதான் வெறுமனே சுற்றும், தரையில் பிடிமானத்தோடு நிற்கும் மற்றது அசையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தூக்கிக்கொண்டால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நின்றுபோகும். இதற்குத் தீர்வு லாக்கர்; அது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். சுவிட்சைப் போட்டதும் தரையிலிருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளும்.

செலவே இல்லாத மாற்றமும் ஒன்று உண்டு: டயரில் காற்றை இறக்குவது. சாலையில் 35 பிஎஸ்ஐ இருப்பதை 15 வரை குறைப்பார்கள். டயர் தளர்ந்து, வெறுங்கால் படிவதுபோல் பாறையில் படியும். திரும்பும்போது காற்றடிக்கக் கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் சஸ்பென்ஷனை மட்டும் உயர்த்தி வண்டியை அலங்கரிப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். உயரம் கூடக்கூட எடைமையம் மேலே போகும்; சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும். கூரைமேல் கூடாரம் கட்டுவதும் அப்படித்தான். அடிப்பாகத்தைக் காக்கும் இரும்புத் தகட்டுக்கும், முன்னால் இறங்கி நின்று கையசைத்து வழிசொல்லும் நண்பருக்கும் என் கணக்கில் மதிப்பு அதிகம்.

இரவுத் தங்கல் பெரும்பாலும் ரூபிகான் ஸ்பிரிங்ஸில், ஆற்றங்கரையில். கரடி நடமாடும் காடு; சாப்பாட்டைக் கூடாரத்தில் வைக்கக் கூடாது. எண்ணெய் சிந்தினால் துடைக்கும் பொருள்களும், மனிதக் கழிவை வெளியே எடுத்துச் செல்லும் ஏற்பாடும் கட்டாயம். முகாமிட்டவர்கள் விட்டுச்சென்ற கழிவால் பாதையோரத்து ஸ்பைடர் ஏரிப் பகுதி 2004-இல் மூடப்பட்டது.

இந்த ஜீப்புகளைப் படத்தில் பார்த்துவிட்டு நம் ஊர் வண்டியில் கைவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. மெக்கானிக்கிடம் போகுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.