குடலை வெட்டிய பிறகும் மருந்து எதற்கு?

"கெட்ட பாகத்த வெட்டிக் களஞ்சாச்சே மக்களே, பின்ன எதுக்கு மருந்து?" பாறசாலையில் என்னைப் பார்க்கும் மாமாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைத்திருந்தது. அதை வெட்டியெடுத்துப் பெருங்குடலோடு தைத்தார்கள். ஆனால் 1932இல் நியூயார்க்கில் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த இந்தக் கிரோன் நோய், வெட்டிய துண்டோடு போய்விடுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. பெரும்பாலும் தையல் போட்ட இடத்தை ஒட்டியே புண் மறுபடி தலைகாட்டும், அதுவும் வலி தெரியுமுன்பே. அதனால்தான் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்து பார்க்கிறார்கள்.

அந்தத் தாக்குதலை அடக்க நான் விழுங்குவது அசாதயோபிரின். இது வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும். நம்மைப் போன்ற ஆசியர்கள் சிலருக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றத்தால் அந்த ஆபத்து கூடுதல். ஆகவே ரத்தப் பரிசோதனை விடாமல் நடக்கிறது. காய்ச்சல் வந்தால் கசாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் ஓடுகிறேன்.

இது போதாதவர்களுக்கு அடாலிமுமாப் ஊசி. அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால், முதலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் அது முக்கியம். 2014இல் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் இந்த ஊசிக்கு இணையான மருந்தை இங்கேயே தயாரித்து விலையைக் குறைத்தது. ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பஸ்ஸில் கொண்டுவருபவர்களுக்கு ஐஸ் பெட்டி கட்டாயம்.

பீடி, சிகரெட் நோயை விரைவாகத் திருப்பிக் கொண்டுவரும். இதை மட்டும் மாமாக்கள் காதில் வாங்குவதே இல்லை.